உருவகப்படுத்தல் மென்பொருளும் பொதுக் கணித நிரலாக்கக் கருவிகளும்

ஓர் இயற்பியல் நிகழ்வைக் கணினியில் ஆராய இரு வழிகள் உள்ளன. ஒன்று, சமன்பாடுகள் முன்பே அமைக்கப்பட்ட உருவகப்படுத்தல் மென்பொருள். மற்றொன்று, சமன்பாட்டைப் பயனரே எழுதும் ஆக்டேவ், சைலேப், பைத்தான் போன்ற பொதுக் கருவிகள். எது பொருந்தும் என்பது கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலுள்ள தொட்டியம், காவிரியின் வடகரையில் மாயனூர் கதவணைக்கும் முக்கொம்புக்கும் இடையில் அமைந்துள்ளது. மேட்டூரில் திறக்கும் வெள்ளம் இங்கு எப்போது, எவ்வளவு வரும் என்று மட்டும் அறிய மஸ்கிங்கம் முறை போதும். வழியில் சேரும் பவானி, நொய்யல், அமராவதி நீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக்டேவில் இது சில வரி நிரலே. ஒவ்வொரு படியையும் சரிபார்க்கலாம்.

கரை தாண்டிய நீர் எந்த வாழைத் தோட்டத்தில் எவ்வளவு ஆழம் நிற்கும் என்பது வேறு கேள்வி. இதற்கு ஆற்றின் குறுக்குவெட்டுகளையும் நிலமட்டங்களையும் கொண்டு செயின்ட் வெனான் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கிய எச்.இ.சி.-ராஸ் என்னும் இலவச மென்பொருள் இப்பணிக்கு ஏற்றது.

ஆயினும் வண்ண வரைபடம் சரியான விடைக்குச் சான்றன்று. ஆற்றுப்படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் கெழு பிழையானால் ஆழமும் பிழையாகும். எனவே எளிய பகுதியைச் சொந்த நிரலிலும் கணக்கிட்டு, இரு விடைகளையும் அளந்த நீர்மட்டத்துடன் ஒப்பிட்ட பின்னரே வெள்ள எச்சரிக்கைக்குப் பயன்படுத்த வேண்டும்.