நோயுற்ற நடிகரும் காத்திருந்த நாரதரும்

மழைக்காலம் ஓய்ந்து நாடக ஒத்திகை சூடுபிடிக்கும் நாட்களில்தான் புனே நகரில் டெங்குக் காய்ச்சலும் தலைகாட்டுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியை ஒட்டி நாம் நடத்திய நாடகத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் தந்தை வேடம் தாங்க வேண்டியவர் அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு காய்ச்சலில் படுத்தார். இரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, எழுந்து நடமாடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாற்காலியில் உட்காரவைத்தாவது வசனம் பேசச் செய்வோம்" என்றார் நம்மில் ஒரு பெரியவர். அந்த யோசனையை நாமும் அரை நாள் பரிசீலித்தோம் என்பதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

முடிவில் கைகொடுத்தவர், இரண்டு மாத காலம் திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்துவந்த அன்பர். நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு நாடகம் முழுவதும் பாடமாகியிருந்தது. நன்றாகவே நடித்தார். இரண்டாம் அங்கத்தில் ஓரிடத்தில் மட்டும் தடுமாறினார். பாவம், அவருக்கு எடுத்துக் கொடுக்கத்தான் அன்று ஆளில்லை! ஆனால் விழா மலர் முன்னரே அச்சாகிவிட்டது. அதில் இருந்தது நோயுற்றவரின் பெயர். மேடையிலும் நாம் அறிவிக்க மறந்தோம். தூரத்து வரிசையில் அமர்ந்து ஒப்பனையில் ஆளை அடையாளம் காணாதவர்கள், மறுநாள் நோயுற்றவருக்கே தொலைபேசியில் பாராட்டுத் தெரிவித்தார்கள். வசனம் எடுத்துக் கொடுத்த அன்பர் சந்தாவைத் தவறாமல் செலுத்துகிறார். ஒத்திகைப் பக்கம் மட்டும் அதன் பின் வரவே இல்லை.

நாம் குடியேறி வாழும் இந்த ஊரோ நாடகத்துக்குப் பேர்போன ஊர். அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் தமது 'சங்கீத சாகுந்தல்' நாடகத்தை 1880 அக்டோபர் 31ஆம் நாள் இங்கேதான் அரங்கேற்றினார். மராத்தி இசை நாடகத்தின் பெருவாழ்வு அன்று தொடங்கியது என்பர். இரண்டாண்டு கழித்து அவர் இயற்றிய 'சௌபத்ர', அருச்சுனன் சுபத்திரையை மணந்த கதை. அந்த நாடகத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு.

மாஸ்டர் தீனாநாத் மங்கேஷ்கர் 1918இல் தொடங்கிய பலவந்த சங்கீத மண்டலி, பின்னாளில் மன்மாடில் முகாமிட்டிருந்தது. அன்று 'சௌபத்ர', அருச்சுனன் வேடம் தீனாநாத்துக்கு. நாரதர் வேடக்காரர் திடீரென நோயுற்றார். தந்தை கவலையோடு நிற்பதைக் கண்ட மூத்த மகள், நாரதர் பாட்டெல்லாம் தமக்குத் தெரியும் என்றாள். பத்து வயதுகூட நிரம்பாத சிறுமி! அருச்சுனன் பக்கத்தில் இத்தனை சிறிய நாரதர் நின்றால் எப்படியிருக்கும் என்று தந்தை தயங்கினார். வேறு வழியில்லை, சம்மதித்தார். சிறுமி பாடினாள்; சபையோர் 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். அச்சிறுமிதான் லதா மங்கேஷ்கர். இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தீனாநாத் 1942இல் தமது 41ஆம் வயதில் இதே புனேயில் காலமானார். எரண்டவணேயில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மருத்துவமனைக்கு, உற்றார் உறவினரைப் பார்க்க நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம்.

அச்சிறுமிக்கு அப்பாட்டுகளை யாரும் மாற்று நடிகை என்று அமர்த்திக் கற்பிக்கவில்லை. நாடகக் கம்பெனியே வீடாக இருந்ததால் காதில் விழுந்து படிந்தவை அவை. தமிழகத்துப் பாலர் கம்பெனிகளும் அவ்வாறே இயங்கின. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்றனர். அத்தகைய கம்பெனிகளில் சிறுவர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் பாடம் கேட்டமையால், ஒருவன் வேடம் மற்றவனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தே தீரவேண்டிய காரணமும் இருந்தது. காய்ச்சல் நாலு நாளில் தணியும். மகரக்கட்டு உடைந்தால் என்ன செய்வது? நேற்றுவரை ஸ்திரீபார்ட் பாடிய பையனின் குரல் இன்று கரகரத்துவிடும். அவ்விடத்துக்கு வேறொருவன் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாகத் தொடங்கிப் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து என்று மாறி மாறி வேடம் தாங்கியது இத்தகைய பள்ளியில்தான்.

'சிவாஜி' என்ற அடைமொழியே மாற்று வேடத்தால் வந்தது என்பதை மராட்டிய மண்ணில் வாழும் நாம் சற்றுப் பெருமையோடு நினைக்கலாம். 1940களின் நடுவில் அறிஞர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜியாக நடிக்க இருந்தவர் எம். ஜி. ஆர். அவர் விலகிக்கொள்ளவே, அவ்வேடம் வி. சி. கணேசனுக்கு வந்தது. நடிப்பைக் கண்ட பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார்.

எல்லா வேடத்துக்கும் மாற்று உண்டு என்று நாம் சாதிக்க வரவில்லை. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தபோது, அந்தக் குரலின் இடத்தில் எவரைக் கொண்டு நிறுத்துவது?

இன்னொரு புறமும் இருக்கிறது. 1967இல் புனேயில் மறைந்தவர் பாலகந்தர்வர். அவர் பெயரிலான ரங்கமந்திர் 1968இல் திறக்கப்பட்டது. 1911 மார்ச்சில் பம்பாயில் 'மானாபமான்' அரங்கேறிய நாளன்று அவருடைய குழந்தை இறந்துபோயிற்று. ஆட்டத்தை நிறுத்த இசையாமல் அன்று மாலை நாயகி வேடமிட்டுப் பாடினார். இதைக் கடமை உணர்ச்சிக்குச் சான்றாக எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய மனத்திண்மையை நாமும் வணங்குகிறோம். ஆயினும் அம்மாலையை மற்றவர்க்கு அளவுகோலாக்க மனம் ஒப்பவில்லை. சம்பளம் பெறாமல், அலுவலகம் விட்டு வந்து நடிக்கும் குடும்பஸ்தரிடம் அதை எதிர்பார்க்க நமக்கு உரிமையும் இல்லை.

தொழில்முறை அரங்குகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நியூயார்க்கின் பெரிய இசை நாடகங்கள் வாரத்துக்கு 8 ஆட்டம் நடப்பவை. அவற்றில் பல வேடங்களைப் பாடம் செய்துகொண்டு நாள்தோறும் காத்திருப்பதற்கென்றே நடிகர்கள் ஊதியம் பெறுகிறார்கள். 2021 டிசம்பரில் 'தி மியூசிக் மேன்' நாடகத்தின் நாயகி சட்டன் ஃபாஸ்டர் கொரோனாத் தொற்றால் வர இயலவில்லை. எட்டு வேடங்களுக்கு ஆயத்தமாயிருந்த கேத்தி வாய்ட்கோ என்னும் நடிகை, பிற்பகலில் ஒத்திகை பார்த்து மாலையில் நாயகியாக நின்றார். ஆட்ட முடிவில் நாயகர் ஹியூ ஜாக்மன் அவரை முன்னால் அழைத்து, பெயரைச் சொல்லிச் சபையோரிடம் பாராட்டினார். நாம் செய்யத் தவறியது அதுவே.

நம் குழந்தைகள் விடுமுறையில் விரும்பிச் செல்லும் கேளிக்கைப் பூங்காக்களில் வேறொரு முறை. பொம்மை முகம் அணிந்து வருபவர் கனத்த உடைக்குள் வெகுநேரம் வெப்பம் தாங்க முடியாது. ஆகவே ஒரே வேடத்துக்குப் பலர் முறைவைத்து வருவார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் குழந்தைக்குத் தெரியாது. அங்கே முகம் மறைந்திருப்பதால் வேலை எளிது. நம் நாடகத்திலோ தந்தை வேடக்காரரின் கோட்டு மாற்றாளுக்கு இரண்டு அங்குலம் சிறியதாயிருந்தது; முதுகில் ஊக்குக் குத்தி ஒப்பேற்றினோம். வசனத்தோடு, எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது, எந்தக் கையில் விளக்கு, எந்தச் சொல்லில் எழுவது என்பதெல்லாம் மாற்றாள் அறிய வேண்டும். எதிரே நிற்பவருக்கும் அவரோடு பழக்கம் வேண்டும்.

ஆதலால் வரும் பொங்கல் விழா நாடகத்தில் முக்கிய வேடம் ஒவ்வொன்றுக்கும் இருவரை அமர்த்த எண்ணியிருக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழு ஒத்திகையும் மாற்று நடிகர்களுக்கே உரியது. காய்ச்சல் வராவிட்டாலும் இரண்டாம் ஆட்டம் அவர்களுடையதாகும். மலரில் இரு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் வரும். வசனம் எடுத்துக் கொடுத்த அன்பரை வீட்டிற்கே சென்று அழைத்திருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.