முகம் எரியுதா? டப்பாவைத் திருப்பிப் பாருங்க!

'எந்த க்ரீம் போட்டாலும் முகம் எரியுதே!' என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? அடுத்த முறை விலையைப் பார்க்காதீர்கள்; டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கிளிசரின் இருந்தால் நல்லது. தண்ணீரை ஈர்த்துத் தோலில் தங்கவைக்கும். அதற்காகத் தனி கிளிசரினை அப்படியே பூசிடாதீங்க, எரிச்சல்தான் மிஞ்சும். செராமைடு, நம் தோலிலேயே உள்ள கொழுப்பு. செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் மாதிரி. பெட்ரோலியம் ஜெல்லி, ஈரம் ஆவியாகாமல் மூடிவைக்கும்.

யூரியா? பாதத்துக்குச் சரி, வெடித்த, புண்ணான இடத்தில் சுரீரென்று எரியும். 'பர்ஃப்யூம்', 'ஃப்ராக்ரன்ஸ்' என்று போட்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இயற்கைதானே என்று எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும் வேண்டாம்.

புது க்ரீமை முதலில் முழங்கையின் உள்பக்கம், தினம் இரண்டு வேளை, 7 நாள் தடவிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையா? இனி முகத்துக்குப் போடலாம். குளித்ததும் ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன்பே தடவுங்கள்.

எரிச்சல் அடங்கவில்லையா? கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடாதீங்க! தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும். நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்க!