சோகத்துக்கும் ஒரு வேலை இருக்கு!

பிங் பாங்கின் ராக்கெட் வண்டியை, பழைய நினைவுகளைக் கொட்டும் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். ரைலியின் சின்ன வயதுக் கற்பனைத் தோழன் அவன். பஞ்சுமிட்டாய் உடம்பு, யானைத் தும்பிக்கை. அழுதால் கண்ணீருக்குப் பதில் மிட்டாய் கொட்டும். அந்த வண்டியில் ரைலியை நிலாவுக்கு அழைத்துப்போவதுதான் அவன் கனவு. இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறான்.

'ஜாய்' கிச்சுகிச்சு மூட்டுகிறாள். முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிறாள். ம்ஹூம்! நீல நிற 'சேட்னஸ்' பக்கத்தில் உட்கார்ந்து, 'உனக்குப் பிடித்ததைப் பறித்துவிட்டார்களே' என்கிற மாதிரி பேசுகிறாள். அவ்வளவுதான். மனதில் இருப்பதைச் சொல்லி அழுகிறான், பிறகு தானாகவே எழுந்து நடக்கிறான்.

2015-ல் பிக்ஸார் எடுத்த 'இன்சைட் அவுட்' படத்தின் உயிரே இந்த இரண்டு நிமிடம்தான். மினசோட்டாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயரும் 11 வயதுச் சிறுமி ரைலி. அவள் தலைக்குள் ஒரு கன்ட்ரோல் ரூம். அதில் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என ஐந்து பேர்.

கலகலவென்று இருந்த தன் மகள் 11 வயதில் திடீரென அமைதியாகிப்போனதைப் பார்த்த இயக்குநர் பீட் டாக்டருக்கு, 'இவள் தலைக்குள் என்னதான் ஓடுகிறது?' என்று எழுந்த கேள்விதான் கதை ஆனது. உளவியலாளர்கள் பால் எக்மன், டாக்கர் கெல்ட்னர் இருவரிடமும் ஆலோசனை கேட்டார். எக்மனின் அடிப்படை உணர்ச்சிகள் பட்டியலில் வியப்பும் உண்டு. பயத்துக்கும் வியப்புக்கும் நெருக்கம் அதிகம் என்பதால் படத்தில் அதற்கு இடமில்லை. இன்னொரு சுவாரஸ்யம்... ரைலிக்கு அருவருப்பூட்டும் ப்ராக்கோலி, ஜப்பானியப் பதிப்பில் பச்சைக் குடைமிளகாய் ஆகிவிட்டது!

முதலில் எழுதிய கதையில் ஜாயுடன் பயணம் போனது பயம்தான். எங்கோ இடிக்கிறது என்று உணர்ந்த டாக்டர், பயத்தை எடுத்துவிட்டு சோகத்தை அந்த இடத்தில் வைத்தார். படம் பிழைத்தது. 2016-ல் ஆஸ்கரும் வந்தது.

நினைவுகளைக் காட்டிய விதம் இன்னும் அழகு. ஒவ்வொரு நினைவும் ஒரு நிறத்தில் ஒளிரும் உருண்டை. ரைலி தூங்கும்போது அன்றைய உருண்டைகள் நீண்டகால நினைவுக் கிடங்குக்குப் போகின்றன. நினைவுகள் பதிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு என்பது அறிவியலும் சொல்வதே. மூளைக்குள் அலமாரியும் இல்லை, உருண்டையும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால், சேட்னஸ் தொட்டதும் பொன்னிற நினைவு நீலமாவது வெறும் கற்பனை அல்ல. பழையதை நினைத்துப்பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைக் கொஞ்சம் புதிதாகக் கட்டுகிறது. இன்றைய மனநிலையும் அதில் ஒட்டிக்கொள்ளும். விட்டுவந்த வீட்டின் சந்தோஷ நாட்கள் தொண்டையை அடைப்பது அதனால்தான்.

ஜாய்க்கு இது புரிய நேரமாகிறது. ஹாக்கி அணித் தோழிகள் ரைலியைக் கொண்டாடும் உருண்டையைப் பின்னோக்கி ஓட்டுகிறாள். அதன் தொடக்கம் நீலம்! கோலைத் தவறவிட்டு ரைலி தனியே அழுதிருக்கிறாள்; அந்த அழுகைதான் பெற்றோரையும் தோழிகளையும் பக்கத்தில் வரவழைத்திருக்கிறது.

இங்கே ரைலியோ வீட்டைவிட்டு ஓட பஸ் ஏறிவிட்டாள். கன்ட்ரோல் போர்டு சாம்பல் நிறமாகி, எந்த பட்டனும் வேலை செய்யவில்லை. அழுகையைவிடப் பயங்கரமானது எதுவுமே உணராத அந்த நிலை. ஜாய் விலகி நின்று, சேட்னஸை முன்னே அனுப்புகிறாள். ரைலி வீடு திரும்பி, பழைய ஊர் வேண்டுமென்று உடைந்து அழுகிறாள். தங்களுக்கும் அந்த ஏக்கம் உண்டு என்று சொல்லி அப்பாவும் அம்மாவும் அணைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணத்தில் பிறக்கும் உருண்டையில் பொன்னும் நீலமும் கலந்திருக்கின்றன.