வளவுத் தோட்டமும் குடும்பக் கூட்டுழைப்பும்

இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பம் மீண்டும் மண்ணைக் கொத்தத் தொடங்கும்போது அதன் கையில் முன்னிருந்த வயலோ, மாடோ, நீரிறைக்கும் இயந்திரமோ இருப்பதில்லை. ஒரு துண்டு வளவும், ஒரு மண்வெட்டியும், வீட்டிலுள்ளோரின் கைகளுமே இருக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குப் பின்னரே தம் காணியைக் கண்டனர். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தங்கவைக்கப்பட்டோரில் கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரிலேயே அங்கிருந்து புறப்பட்டன. உறவினர் வளவிலும் இரவல் காணியிலும் காலங்கழிக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன.

இக்கட்டுரையில் அரை ஏக்கர், அதாவது 8 பரப்பு அளவான ஒரு வளவுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். இதைக்கொண்டே ஒரு குடும்பம் முழுமையாகச் சீவித்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. கூலிவேலை, கடற்றொழில், குத்தகை வயல் என வேறு உழைப்பும் வேண்டியிருக்கும். ஆனால் கறிக்குக் காய், பிள்ளைக்கு முட்டை, அவசரத்துக்கு விற்க ஓர் ஆடு என்பன இந்த வளவிலிருந்து வரக்கூடியவை.

இவ்வாறு ஆர்வத்தோடு தொடங்கிய தோட்டங்கள் சில, இரண்டாம் மூன்றாம் வருடத்தில் ஏன் கைவிடப்படுகின்றன? இடர் எல்லாத் தோட்டத்துக்கும் வருகிறது. நாம் கண்ட அளவில், வேலையும் அறிவும் கணக்கும் ஒருவரிடமே குவிந்திருக்கும் தோட்டமே முதலில் சாய்கிறது. அவர் நோயுற்றால், தூர இடத்துக்குக் கூலிக்குப் போனால், மனம் சோர்ந்தால் தோட்டமும் நின்றுவிடும். பலர் பங்கெடுக்கும் தோட்டம் அடிபட்டாலும் எழும்பும். ஆகவே வரக்கூடிய இடர்களையும், அவற்றைக் குடும்பமாகத் தாங்கும் வழிகளையும் ஒன்றாகவே பார்ப்போம்.

நிலமும் கிணறும்

மீளக் குடியேறிய காணியில் முதல் விதி உயிர்ப் பாதுகாப்பு. மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத பற்றைக்குள் எவரும் இறங்கக் கூடாது. பற்றைக்குத் தீ வைக்கவும் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாது, இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். இதைப் பெரியவர்கள் மாத்திரம் அறிந்திருந்தால் போதாது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போவது பெரும்பாலும் பிள்ளைகளே.

நெடுங்காலம் பாவிக்காத கிணற்றில் ஒருவர் தனியே இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுவிடப் போதிய காற்று இல்லாதிருக்கலாம். கயிற்றில் இறக்கிய விளக்கு அணைந்தால் அக்கிணற்றில் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும், இறங்குபவரின் இடுப்பில் கயிறும் மேலே பலமான இருவரும் இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் நச்சுப்புகை தேங்கி ஆளைக் கொல்லும்.

அடுத்தது உவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லின் இடுக்குகளில் நிற்கும் நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கரையோரங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலெழும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இயந்திரத்தால் இறைத்த இடங்களில் இதுவே நிகழ்ந்தது. எனவே கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைப்பதே நலம். இறைக்கமுன் ஒரு தடவை, இறைத்தபின் ஒரு தடவை நீரைச் சுவைத்துப் பாருங்கள். உவர் கூடினால் அன்றைக்கு நிறுத்துங்கள். உவர் தட்டிய மண்ணில் மிளகாய், வெங்காயம், பயிற்றை நொந்துபோகும். தென்னையும் பனையும் ஓரளவு தாங்கும். பாத்தியைச் சருகாலும் வைக்கோலாலும் மூடினால் இறைப்பு குறையும். குளிக்கும் நீர் வாழைக்குப் போகட்டும்.

பயிருக்கு வரும் இடர்

எமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே வளவு கார்த்திகையில் வெள்ளத்திலும் ஆவணியில் வரட்சியிலும் அகப்படுகிறது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயலின்போது வடக்கில் தோட்டங்கள் நாட்கணக்கில் நீருள் நின்றதைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

இதற்கு வழி, எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே பயிராக நடாமல் விடுவதே. கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். பயிற்றை இரண்டு மாதம். கத்தரி ஏறக்குறைய மூன்று மாதம். பப்பாசியும் மரவள்ளியும் எட்டு, பத்து மாதம். வாழை ஒரு வருடம். தென்னை ஐந்தாறு வருடங்களுக்குப் பிறகு. இவை கலந்து நிற்கும் வளவில் ஒரு வெள்ளம் கீரையையும் கத்தரியையும் கொண்டுபோனாலும் முருங்கையும் தென்னையும் நிற்கும். விதையையும் முழுவதும் ஒரே தடவையில் போடாது, மூன்றில் ஒரு பங்கை அம்மம்மாவின் பெட்டியில் வைத்திருங்கள். மாரிக்குப் பாத்தியை உயர்த்தி வாய்க்கால் வெட்டுங்கள். கோடைக்குப் பாத்தியைத் தாழ்த்துங்கள்.

மிளகாயில் இலை சுருளும் குருமன், பனிப்பூச்சி போன்ற மிகச் சிறிய பூச்சிகளாலும் சிற்றுண்ணிகளாலும் வருகிறது, வைரசும் காரணமாகலாம். முற்றாகச் சுருண்ட செடிக்கு மருந்தடிப்பது காசை மண்ணில் ஊற்றுவதாகும். அதைப் பிடுங்கி அழித்து, மற்றச் செடிகளைக் காப்பாற்றுங்கள். நாள்தோறும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால் நோய் முதற் கிழமையிலேயே பிடிபடும். இதற்குப் பலம் வேண்டியதில்லை, கூர்ந்த கண் போதும்.

பசளை பற்றியும் ஒரு சொல். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதன்பின் விலை பலமடங்கு ஏறியது. அந்நாட்களில் வீட்டில் எருக்குவியல் வைத்திருந்தோருக்குக் குறைந்தபட்சம் வளவுப் பயிராவது தப்பியது. ஆட்டெரு, கோழி எச்சம், கிளிசரியாக் குழை, சருகு, அடுப்புச் சாம்பல் என்பவற்றை அடுக்கி, ஈரம் காயாது காத்து, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் கூட்டெரு கிடைக்கும்.

கோழியும் ஆடும்

ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டையில் அடையிருந்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஆறு மாதம் நன்றாகப் போகும். பின்னர் ஒரு கிழமையில் கூடு வெறுமையாகும். இராணிக்கெட் நோய்க்கு மருந்து இல்லை. முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. இது நோயுற்ற கோழியின் எச்சத்தாலும், அதை மிதித்த செருப்பாலும், சந்தையில் மலிவாக வாங்கிய கோழியாலும் பரவும். உங்கள் பிரிவின் கால்நடை வைத்திய அதிகாரியிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்குப் போதுமாதலால், அயலில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போடுவது சிக்கனம். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு கிழமையாவது புறம்பாக வையுங்கள். செத்த கோழியை வேலிக்கு அப்பால் எறியாது ஆழமாகப் புதையுங்கள்.

ஆடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் குட்டி ஈனும். ஆட்டுக்கு எதிரி ஈரம். மாரியில் சேற்றில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகும், சளி பிடிக்கும், புழு கூடும். 2022 டிசெம்பரில் வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் சலாகை அடித்த பரணும், வாடைக்காற்று அடிக்கும் பக்கத்தில் ஓலைத் தட்டியும் இருந்தால் குட்டிகள் பிழைக்கும். இவற்றைப் புரட்டாதியிலேயே செய்துவிட வேண்டும். மழைக்குள் ஓலை தேடினால் கிடைக்காது.

ஒரு வேலை, இரண்டு பேர்

இனி இவற்றை யார் செய்வது? ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். அம்மம்மா, தாய், தந்தை, சாதாரண தரம் படிக்கும் மகன், ஆறாம் வகுப்பு மகள். தந்தைக்குக் காலில் பழைய காயம். பாரம் தூக்க முடியாது. இவ்வீட்டில் தாயே எல்லாம் என்றாகிவிடுவது வழமை. ஆனால் தந்தை இருந்தபடியே நாற்றுமேடை பார்க்கலாம், தட்டி பின்னலாம், ஆட்டின் நோயைக் கவனிக்கலாம். அம்மம்மாவிடம் விதையும் கோழியும். மகன் பள்ளிக்கு முன் அரை மணி நேரம் தண்ணீர்; பரீட்சைக் காலத்தில் அதுவும் வேண்டாம். மகள் கணக்குக் கொப்பி. விற்பனையும் எருவும் தாயிடம்.

இத்துடன் ஒரு விதி: ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும். கோழிக்கு அம்மம்மா, அவவுக்கு அடுத்தபடி மகள். நாற்றுக்குத் தந்தை, அவருக்கு அடுத்தபடி மகன். தாய் காய்ச்சலில் படுத்தால் சந்தைக்கு எவ்வளவு கொண்டுபோவது, யாரிடம் விற்பது என்று தந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவரை இழந்து தனியே குடும்பத்தை நடத்தும் சகோதரிகளுக்கு இவ்விரண்டாவது ஆள் அயல்வீட்டில் இருக்கலாம். இன்று உங்கள் வளவில் இருவர், நாளை அவர்கள் வளவில் இருவர் என்று மாறி மாறி வேலி அடைத்த காலம் எமது ஊர்களில் இருந்தது. காட்டோரக் கிராமங்களில் பன்றிக்கும் குரங்குக்கும் காவல் இருப்பதும் இப்படியே கூடும்.

கிழமையில் ஒருநாள், இராச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் எல்லோரும் இருந்து கொப்பியைப் பாருங்கள். என்ன நட்டோம், என்ன செத்தது, என்ன விற்றோம், எவ்வளவு வீட்டில் சமைத்தோம் என்பவை மட்டும் போதும். சமைத்த காய்க்கும் சந்தை விலை போட்டு எழுதுங்கள். "தோட்டத்தால் என்ன வருமானம்?" என்று சலிப்போருக்கு அக்கணக்கே மறுமொழி.

இழப்பு வந்த நாளில் மிகக் கவனம் வேண்டும். "கூட்டை ஆர் திறந்து விட்டது?" என்ற கேள்வியிலிருந்துதான் பல வீடுகளில் சண்டை தொடங்குகிறது. ஏற்கெனவே எவ்வளவோ இழந்த குடும்பத்தில் பத்துக் கோழியின் சாவும் பழைய துயரங்களைக் கிளறிவிடும். அன்று ஆளைத் தேடாதீர்கள். என்ன நடந்தது, எது மிஞ்சியது, நாளைக் காலை முதல் வேலை என்ன என்ற மூன்றையும் மட்டும் பேசுங்கள். பிள்ளையின் கையால் நேர்ந்த இழப்புக்காக அப்பிள்ளையிடமிருந்து வேலையைப் பறிக்காதீர்கள். அருகிருந்து மறுபடி பழக்குங்கள். இழப்பை நிரப்ப வென்று கிழமைத் தவணை கட்டும் நுண்கடனை எடுக்காதீர்கள். கத்தரி காய்க்க மூன்று மாதம் எடுக்கும், தவணை ஏழாம் நாள் வாசலில் நிற்கும்.

இரவல் காணியில் இருப்போருக்கு

சொந்தக் காணி இல்லாதோர் தென்னையில் முதலிட வேண்டாம். எடுத்துச் செல்லக்கூடியதை வளருங்கள்: ஆடு, கோழி, உரப்பையில் நட்ட கத்தரியும் மிளகாயும், விதை. மரம் வைப்பதாயின், பயன் யாருக்கு என்பதைக் காணிக்காரருடன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இரவல் மண்ணில் கற்ற தொழிலும் பழகிய ஒற்றுமையும் சொந்த மண்ணுக்கும் கூடவே வரும்.

நற்செய்தியில் வரும் விதைப்பவர் உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவருடைய விதை வழியோரத்திலும் பாறையிலும் முட்செடிகளிடையேயும் வீணாகிறது. ஆயினும் நல்ல நிலத்தில் விழுந்தது முப்பது, அறுபது, நூறு மடங்கு பலன் தருகிறது. விதைப்பவருக்கு இழப்பு புதிதல்ல என்பதை இயேசுவின் காலத்துக் கமக்காரரும் அறிந்திருந்தனர்.

இக்கிழமை ஒரு கடதாசியை எடுத்து, உங்கள் வளவின் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர்களை இடுங்கள். ஒரே பெயர் எல்லா வேலைக்கும் வருமாயின், மாரி தொடங்குமுன் திருத்த வேண்டியது முதலில் அதுவே.