முதுகில் ஊசி... அடுத்த சில நிமிடம் உஷார்!

“டாக்டர்... தலை சுத்துது, குமட்டுது!”

சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டதும் பல தாய்மார்கள் இப்படிச் சொல்வது உண்டு. “பயந்துட்டாங்க” என்று விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம்!

காரணம் என்ன?

ஊசி மருந்து வலியை மட்டும் நிறுத்துவதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் மரக்க வைத்துவிடுகிறது. குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் சரிகிறது. போதாக்குறைக்கு, மல்லாந்து படுத்தால் நிறைமாத வயிறு, இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக் குழாயை அழுத்துகிறது. வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. ஆபத்து இரண்டு உயிருக்கு!

தடுப்பது எப்படி?

வலது இடுப்புக்கு அடியில் சிறு தலையணை வைத்து, தாயை இடது பக்கம் சாய்ப்பார்கள். ஊசி போடும்போதே ‘டிரிப்’ வேகமாக ஓடும். அழுத்தம் இறங்கும்வரை காத்திராமல், ‘பினைல்எப்ரின்’ மருந்தையும் உடனே செலுத்தத் தொடங்குவார்கள்.

பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட யோசனை இது: வழக்கமான மேல் அழுத்தத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது 120 இருந்தவருக்கு 108. அது 96-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் சரிசெய்ய வேண்டும்.

தாய்மார்களே! குமட்டலோ, கிறுகிறுப்போ வந்தால் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காதீங்க. தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரிடம் உடனே சொல்லிடுங்க. சில சமயம், மிஷின் காட்டுவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும்!