சொல்லால் கட்டிய குகை

படமும் இசையும் இல்லாமல், வெறும் எழுத்துக்களை மட்டும் திரையில் காட்டி, படிக்கிறவரைக் கதையின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'இனி என்ன செய்வதாக உத்தேசம்?' என்று கேட்டுக் காத்திருக்கும் ஒருவகைக் கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு. டெக்ஸ்ட் அட்வெஞ்சர் என்பது அதற்கு வழங்கும் பெயர். வடக்கே போ, விளக்கை எடு, கதவைத் திற என்று நாம் தட்டச்சு செய்கிற கட்டளையை அது வாசித்து, அதன் விளைவையும் வசனமாகவே சொல்லும். ஏறக்குறைய ஐம்பது வருஷ காலமாக இந்தக் கலையைக் காத்து வளர்த்தவர்களில் பெரும்பாலோர் அதை வைத்து ஜீவனம் நடத்தியவர்கள் அல்லர். உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் நடுவே கிடைத்த ஓய்வு நேரத்தில், ஆசை ஒன்றின் பொருட்டே எழுதியவர்கள்.

அவர்களில் முதல்வர் வில் கிரௌதர். பின்னாளில் இன்டர்நெட்டாக விரிந்த ஆர்ப்பாநெட்டுக்கு அஸ்திவாரம் போட்ட போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற அமெரிக்கக் கம்பெனியில் அவர் புரோகிராமராக இருந்தார். குகைகளுக்குள் இறங்கி அளப்பது அவருடைய பொழுதுபோக்கு. இன்று 600 கிலோமீட்டருக்கும் அதிகமாக அளக்கப்பட்டு, உலகத்திலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருக்கும் கெண்டக்கி ராஜ்யத்து மாமத் குகைத் தொகுதியில் அவரும் அவர் மனைவி பட்ரிஷியாவும் இருளிலும் சேற்றிலும் தவழ்ந்து எடுத்துவந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடங்கள் தயாரித்தார்கள். பிறகு மணவாழ்வு முறிந்தது. தம் இரு பெண் குழந்தைகளோடு முன்போல் நாள் கழிக்க இயலாத விசனத்தில் இருந்த அந்தத் தகப்பனார், அவர்கள் வரும்போது விளையாடி மகிழட்டும் என்று, தாம் நன்கு அறிந்த குகையையே சொற்களால் மறுபடி கட்டி, 1975-76ஆம் வருஷவாக்கில் பிடிபி-10 என்ற கம்ப்யூட்டரில் ஃபோர்ட்ரான் பாஷையில் எழுதியதுதான் 'அட்வெஞ்சர்'.

கட்டளை இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துக்களை மட்டுமே அது பார்க்கும். அந்தக் கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தின் ஒரு கூறில் ஐந்து ஆங்கில எழுத்துக்களைத்தான் அடக்கும் என்பதே காரணம். இவ்வளவு குறுகிய சாதனத்தைக் கொண்டு அவர் எழுப்பிய குகை எத்தனை மெய்யானது என்பதை, டென்னிஸ் ஜெர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மூல புரோகிராமைக் கண்டெடுத்து, உண்மைக் குகைக்குள்ளும் இறங்கி, இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி நிரூபித்தது.

அதில் வரும் பறவையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நுழைந்த சிறிது தூரத்தில் ஒரு கூண்டு கிடைக்கிறது. அப்பால் கறுப்புக் கோல் ஒன்று கிடைக்கிறது. அதற்கும் அப்பால் ஓர் அறையில் பறவை இருக்கிறது. கூண்டு கையில் இருந்தும் பறவை அகப்படுவதில்லை. கோலைக் கண்டு அது மிரளுகிறது என்று ஊகித்து, கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தால் சுலபமாகக் கூண்டுக்குள் வந்துவிடும். மேலும் உள்ளே போனால் பெரிய பாம்பு ஒன்று வழிமறிக்கிறது. அங்கே பறவையைத் திறந்துவிட்டால் அது பாம்பை விரட்டிவிடுகிறது. கையில் உள்ள பொருள் யாவும் உதவிதான் என்று எண்ணும் மனித சுபாவத்தை நன்கு அறிந்த ஒருவரே இப்படி ஒரு முடிச்சைப் போட்டிருக்க முடியும்.

ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் மாணவராக இருந்த டான் வுட்ஸ் இதைத் தற்செயலாகக் கண்டு, ஆசிரியரின் விலாசம் தெரியாமையால், ஆர்ப்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'கிரௌதர்' என்று பெயரிட்டுக் கடிதம் அனுப்பி, அவருடைய அனுமதியைப் பெற்று, கற்பனையை விஸ்தரித்து, 350 மதிப்பெண் கொண்ட விளையாட்டாக 1977இல் வெளியிட்டார். இருவருக்கும் இதில் ஊதியம் ஏதும் இல்லை.

பிற்பாடு வியாபாரமும் வந்தது. எம்.ஐ.டி. என்ற அமெரிக்கச் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் கம்பெனி, 'ஸார்க்' முதலிய விளையாட்டுக்களால் கீர்த்தி பெற்றது. ஆனால் கார்னர்ஸ்டோன் என்ற வர்த்தக சாஃப்ட்வேரில் பெருநஷ்டம் கண்டு 1986இல் கைமாறி, 1989இல் முடிவெய்தியது. ஒரே விளையாட்டு எல்லா விதமான கம்ப்யூட்டரிலும் ஓடுவதற்காக அந்தக் கம்பெனி இஸட்-மெஷின் என்ற கற்பனை இயந்திரத்தை வகுத்திருந்தது. கம்பெனி வெளியிடாத அதன் ரகசியத்தை ரசிகர்களே பொறுமையாக ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கணித சாஸ்திரம் பயின்றவரும் கவிஞருமான கிரஹாம் நெல்சன், அந்த இயந்திரத்துக்கே புதிதாக எழுதத் தக்க இன்ஃபார்ம் என்ற பாஷையை 1993இல் சிருஷ்டித்து இலவசமாக வழங்கினார். இனிமேல் இது பிழைக்காது என்று வியாபாரிகள் கைவிட்ட ஒரு கலை, பொழுதுபோக்காகச் செய்தவர்களின் கையில் அப்போதுதான் யௌவனம் அடைந்தது என்பது என் அபிப்பிராயம். இத்தகைய விளையாட்டுக்களுக்கென்றே 1995 முதல் வருஷந்தோறும் போட்டி ஒன்று நடக்கிறது. நடுவர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது அதன் விதி. 1998இல் முதலிடம் பெற்ற ஆடம் கேட்ரேயின் 'ஃபோட்டோபியா'வில் புதிர்கள் அநேகமாக இல்லை. ஒரு சிறுகதை தரும் துயரமும் நிறைவும் அதில் இருந்தன.

இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான உழைப்பு எதில் இருக்கிறது? 2006இல் வந்த ஏழாவது இன்ஃபார்மில், விளக்கு மேஜையின்மேல் இருக்கிறது என்று சாதாரண ஆங்கில வாக்கியமாக எழுதினால் அதுவே புரோகிராம். எரியும் விளக்கை மரப்பெட்டிக்குள் வைத்து மூடினால் அறை இருண்டுவிடும், கண்ணாடிப் பெட்டியானால் வெளிச்சம் இருக்கும் என்பது போன்ற லோக நியாயங்கள் அதற்கு முன்பே தெரியும். தெரியாதது ஆடுகிறவருடைய மனம். விளக்கை ஏற்றுவார் என்று ஆசிரியர் எதிர்பார்த்திருக்க, அவரோ அதை ஊதி அணைப்பார், ஜன்னல்மேல் வீசுவார், அதிலுள்ள எண்ணெயைக் கதவின் கீலில் ஊற்றப் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் 'புரியவில்லை' என்ற வறண்ட விடை வருமானால், சொல்லால் கட்டிய உலகம் அந்த க்ஷணமே கலைந்துபோகும். ஆகையால் தேர்ந்த ஆசிரியர்கள் தம் விளையாட்டை முதலில் நண்பர்களிடம் கொடுத்து, அவர்கள் தட்டிய சொல் அத்தனையும் பதிவாகி வரும் பிரதியை வரி வரியாகப் படித்து, நியாயமான ஒவ்வொரு முயற்சிக்கும் தக்க பதிலை எழுதிச் சேர்க்கிறார்கள். வாசகரின் மனத்தை இவ்வளவு நுட்பமாகப் பின்தொடர்ந்து அறியும் வாய்ப்பு நாவலாசிரியருக்குக்கூட இல்லை.

'அட்வெஞ்சர்' இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஃபார்மும் அப்படியே, 2022 முதல் அதன் மூலமே எல்லோரும் காணத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தில் பற்றும், எளிய ஆங்கில வாக்கியம் அமைக்கும் பயிற்சியும் உள்ள வாசகர்கள் முதலில் அந்தக் குகைக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். பிறகு, தமக்குப் பழக்கமான ஒரே ஓர் அறையை எழுதி, நண்பர் ஒருவரை ஆடச் சொல்லி, பக்கத்தில் மௌனமாக அமர்ந்து, அவர் கேட்கும் எதற்கெல்லாம் விடை எழுதாமல் விட்டோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.