இ-சிகரெட்டை நாய் கடித்துவிட்டால் என்னவாகும்? செல்லப்பிராணி வளர்ப்போர் அறிய வேண்டியவை

சோஃபாவின் மீது வைத்து மறந்துபோன ஒரு இ-சிகரெட், வீட்டில் வளரும் நாய்க்குட்டிக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றக்கூடும். மாம்பழம், ஸ்ட்ராபெரி போன்ற நறுமணங்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் அதனை முகர்ந்து, கடித்துப் பார்க்கவும் வாய்ப்புள்ளது. அவ்வாறு கடித்து உடைத்தால், சில நிமிடங்களிலேயே அதன் உயிருக்கு ஆபத்து ஏற்படலாம்.

இந்தியாவில் இ-சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை 2019ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் தடை செய்யப்பட்டுள்ளன. எனினும், சட்டவிரோதமாக விற்கப்படுபவை பல வீடுகளைச் சென்றடைகின்றன. இவற்றின் புகை செல்லப்பிராணிகளைப் பாதிக்குமா என்பதே பலரின் கேள்வியாக உள்ளது. ஆனால், புகையைக் காட்டிலும் உடனடி ஆபத்தை விளைவிப்பது கருவிக்குள் இருக்கும் நிகோடின் திரவமே.

எவ்வளவு நிகோடின் ஆபத்தானது?

நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் நிகோடின் சென்றாலே நச்சு அறிகுறிகள் தோன்றக்கூடும். கிலோவுக்கு சுமார் 9 மில்லிகிராம் என்பது உயிரைப் பறிக்கக்கூடிய அளவாகக் கருதப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் அதிகபட்சமாக 20 மில்லிகிராம் நிகோடின் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. ஆனால், '5 சதவீதம்' எனக் குறிப்பிடப்படும் திரவங்களில் இது சுமார் 50 மில்லிகிராமாக இருக்கும். அதாவது, 5 கிலோ எடையுள்ள பொமரேனியன் நாய் அத்தகைய திரவத்தில் ஒரு மில்லிலிட்டரை விழுங்கினால், கிலோவுக்கு 10 மில்லிகிராம் நிகோடின் அதன் உடலில் சேர்கிறது. 30 கிலோ எடையுள்ள லேப்ரடாருக்கும் அதே அளவு, அறிகுறிகளை உண்டாக்கப் போதுமானது.

புகையிலையைத் தின்றால் நிகோடின் மெதுவாகவே வெளிப்படும். திரவமோ வாயின் உட்புறச் சவ்வு வழியாகவும், தோல் வழியாகவும் விரைவாக உறிஞ்சப்படுகிறது.

பூனைகள், பறவைகளுக்கு என்ன பாதிப்பு?

பூனைகள் தங்கள் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்பவை. எனவே, ரோமத்தில் பட்ட திரவமும், படிந்த புகையின் எச்சமும் நேரடியாக வயிற்றுக்குள் செல்கின்றன. இத்திரவங்களில் பெரும்பாலும் கலக்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கக்கூடியது. இதனால் பூனை உணவில் அதனைச் சேர்க்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996ஆம் ஆண்டு தடை விதித்தது.

நுரையீரலுடன் காற்றுப்பைகளும் கொண்ட பறவைகள், காற்றில் கலக்கும் மாசுகளால் எளிதில் பாதிக்கப்படும். எனவே, லவ் பேர்ட்ஸ் கூண்டு உள்ள அறையில் புகைப்பது பாதுகாப்பானதல்ல.

இனிப்பூட்டியும் பேட்டரியும்

சில திரவங்களில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்கப்படுகிறது. இது நாய்களின் ரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைப்பதுடன், கல்லீரலையும் பாதிக்கும். மேலும், கருவியில் உள்ள லித்தியம் பேட்டரியைக் கடித்தால் வாயிலும் உணவுக்குழாயிலும் புண் ஏற்படலாம். எனவே, திரவம் தீர்ந்துபோன கருவியும் ஆபத்தானதே.

அறிகுறிகள் என்ன?

வழக்கமாக 15 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தொடங்கும். எச்சில் ஒழுகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பரபரப்பு, வேகமான இதயத்துடிப்பு, உடல் நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை காணப்படும். பாதிப்பு தீவிரமானால் வலிப்பும் மூச்சுத்திணறலும் ஏற்படலாம்.

உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

* அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

* ரோமத்தில் திரவம் பட்டிருந்தால், கையுறை அணிந்து மென்மையான சோப்பு நீரால் கழுவ வேண்டும்.

* உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

* அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைத் தரக் கூடாது. வயிற்றின் அமிலத்தன்மை குறைந்தால் நிகோடின் உறிஞ்சப்படுவது அதிகரிக்கும்.

* உடைந்த கருவியையும் அதன் உறையையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

தடை செய்யப்பட்ட பொருள் என்பதாலும், வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தாலும் சிலர் உண்மையைக் கூறத் தயங்கக்கூடும். ஆனால், வலிப்பும் வாந்தியும் வேறு பல நஞ்சுகளாலும் நோய்களாலும் ஏற்படக்கூடியவை. காரணம் தெரியாவிட்டால், மருத்துவர் அதனைக் கண்டறிவதிலேயே முக்கியமான நேரம் கழிந்துவிடும்.

நிகோடின் நஞ்சுக்கென நேரடி மாற்று மருந்து இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்துதல், ஆக்சிஜன் அளித்தல், நரம்பு வழியாகத் திரவம் செலுத்துதல் போன்ற சிகிச்சைகளே உயிரைக் காக்கின்றன. முதல் நான்கைந்து மணி நேரத்தைக் கடந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு கணிசமாக உயரும். எனவே, "இ-சிகரெட்டைக் கடித்துவிட்டது" எனத் தயங்காமல் கூறுவதே அதற்குச் செய்யும் முதல் உதவியாகும்.

வீட்டில் இ-சிகரெட் இல்லாமல் பார்த்துக்கொள்வதே முழுமையான பாதுகாப்பு. அதுவரை, கருவிகளைப் பூட்டிய அலமாரியில் வைப்பதும், பயன்படுத்தியவற்றைத் திறந்த குப்பைத்தொட்டியில் போடாமல் இருப்பதும் அவசியம்.

(பொறுப்புத் துறப்பு: இது பொதுவான தகவல் மட்டுமே. சிகிச்சைக்கு கால்நடை மருத்துவரை அணுகவும்.)